மூன்றாவது ரைடு

ஜவ்வாது மலையின் மேல், ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில், போளூருக்கு இறங்கும் பஸ்ஸை எதிர்பார்த்துத் தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு மாலை வேளையில், அன்று பிற்பகல் பக்கத்துக் கிராமமொன்றின் கோயில் திடலில் நடந்து முடிந்திருந்த கபடிப் பந்தயத்தைப் பற்றி ஊரார் கூடி நிகழ்த்திய விவாதத்தை ஆதியோடந்தமாகக் கேட்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. பந்தயத்தையும் நான் பார்த்திருந்தேன். ஆனால் பார்த்ததைக் காட்டிலும் கேட்டதில்தான் அதிகம் கற்றேன் என்று சொல்ல வேண்டும்.

விவாதத்துக்குக் காரணமானவன் பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன். ஊர் அணியில் அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம். ஐந்து தடவை எதிரணியின் எல்லைக்குள் பாடிப் போனான். முதல் தடவை வெறுங்கையோடு திரும்பினான், அது குற்றமில்லை. இரண்டாவது தடவையும் ஒருவரையும் தொடாமல், நிதானமாகக் கோட்டைக் கடந்து வந்து சேர்ந்தான். நடுவர் விசில் ஊதி அவனை அவுட் என்று வெளியே அனுப்பினார். திடல் முழுவதும் கொல்லென்று சிரித்தது. அதன் பிறகு போன மூன்று தடவையும் பிடிபட்டான். ஊர் தோற்றது. சாமை அறுப்புக்குக் கூலி பேசுவதைக்கூட ஒத்திவைத்துவிட்டுப் பார்க்க வந்தவர்கள் மனம் உடைந்துபோனார்கள்.

"பயந்துட்டான். பயம் இல்லாதவனா இருந்தா மூணாவது ரைடுல சும்மா கோட்டத் தாண்டிட்டுத் திரும்பி வருவானா?" என்றார், தலையில் துண்டு கட்டிய பெரியவர்.

"அந்த நேரத்துல அவன ஏன் அனுப்பணும் மாமா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றான் கடைக்கு எதிரே மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்த ஒருவன்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளே, உலகத்தில் எங்கெல்லாம் மனிதர்கள் அணி சேர்ந்து விளையாடுகிறார்களோ அங்கெல்லாம் நடக்கும் ஒரு பெரிய வழக்கின் இரண்டு கட்சிகளும் அடங்கிவிட்டன. புதிதாக வந்தவன் தோற்றால், தோற்றது அவனுடைய திறமையா, அல்லது இன்ன சமயத்தில் இன்னதைச் செய் என்று அவனை ஏவியவரின் யுக்தியா? நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் கபடியின் விதிகளிலேயே இருக்கிறது.

நம்மில் பலர் சிறு வயதில் சடுகுடு என்ற பெயரில் ஆடிய விளையாட்டுக்கும், இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் கபடிக்கும் உள்ள வித்தியாசம் வெறும் மண்ணுக்கும் மெத்தை விரிப்புக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமல்ல. ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தூரத்தில் ‘பாக் லைன்’ என்ற ஒரு கோடு. அதற்கு அப்பால் இன்னும் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. பாடிப் போகிறவன் யாரையும் தொடாவிட்டால் பாக் லைனையாவது தாண்டித் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அவன் அவுட். எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மற்றக் காலைத் தரையினின்று எடுத்துவிட்டால் ஒரு புள்ளி. ஆனால் அந்தக் காலை ஊன்றும் க்ஷணத்துக்காகவே மூலையில் ஒருவன் குனிந்து காத்திருப்பான். கணுக்காலைப் பற்றினான் என்றால், மற்ற ஆறு பேரும் மலைச் சரிவில் பாறை உருண்டு வருவதுபோல் மேலே வந்து விழுவார்கள். இத்தனையும் முப்பது வினாடிக்குள், கபடி கபடி என்ற உச்சரிப்பு அறுபடாமல், நடந்து முடிய வேண்டும்.

பழைய ஆட்டத்தில் ஓர் அணி முன்னிலை பெற்றுவிட்டால், அதன் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க் கோட்டைத் தாண்டிவிட்டுச் சும்மா திரும்பிக் காலத்தைக் கழிக்கலாம். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பு உண்டாக்கிய அந்த வழக்கத்தை ஒழிப்பதற்காகத்தான் ‘டூ ஆர் டை’ என்ற விதி பிரபலமாயிற்று. வாழ்வா சாவா என்று தமிழில் சொல்லலாம். ஓர் அணியின் இரண்டு ரைடுகள் அடுத்தடுத்துப் புள்ளியில்லாமல் முடிந்தால், மூன்றாவதாகப் போகிறவன் ஒரு புள்ளியாவது எடுத்தே தீர வேண்டும். வெறுங்கையோடு திரும்பினால், பிடிபடாமல் வந்தாலும் அவன் அவுட். தொலைக்காட்சி வழியாக இந்த விதி மலைக் கிராமங்களுக்கும் ஏறி வந்துவிட்டது. திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு மண்ணில் ஆடுகிறவர்களும் இப்போது மூன்றாவது ரைடை எண்ணித்தான் ஆடுகிறார்கள்.

இந்த விதி தடுப்பவர்களுக்கு எவ்வளவு அனுகூலம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். சாதாரண ரைடில், வருகிறவன் தாக்குவானா, காலத்தைக் கடத்தித் திரும்புவானா என்பது தடுப்பவர்களுக்குத் தெரியாது. அந்தச் சந்தேகமே பாடுகிறவனுக்கு ஒரு கவசம். மூன்றாவது ரைடில் அந்தக் கவசம் கழன்றுவிடுகிறது. அவன் பாய்ந்தே ஆக வேண்டும் என்பது ஏழு பேருக்கும் தெரியும். அவர்கள் அவசரப்படத் தேவையில்லை. காத்திருந்தால் போதும், கடைசிப் பத்து வினாடியில் அவனே வலைக்குள் வருவான். அதிலும் தடுப்பவர்கள் மூன்று பேராகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், போனஸ் கோடு பயன்படாது. பிடித்துவிட்டால் எதிரணிக்கு ஒன்றுக்கு இரண்டாகப் புள்ளி. ஆகவே மூன்றாவது ரைடு என்பது அனுபவசாலிக்குரிய வேலை. எதிரிகளில் எவனுக்குக் கை நீளம், எவனுக்குப் பொறுமை குறைவு, எவன் இடது காலை முன்வைத்து நிற்பான் என்றெல்லாம் பல ஆட்டங்களில் பார்த்துப் பார்த்து மனத்தில் குறித்து வைத்தவனுக்கு உரிய வேலை.

தேநீர்க் கடைக் கூட்டத்தில் ஒருவர், பஸ் நடத்துநர் பணியில் இருந்தவராம், ஆட்டம் முழுவதையும் ஒரு டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தார். அந்தப் பையன் போன ஐந்து ரைடுகளில் நான்கு, வாழ்வா சாவா ரைடுகள் என்று அவர் எடுத்துக் காட்டினார். அணியின் பிரதான ஆட்டக்காரன், தான் அவுட்டாகி வெளியே உட்கார நேர்ந்தால் அணி குலைந்துவிடும் என்று எண்ணி, முதல் இரண்டு ரைடுகளையும் தானும் தன் தோழனுமாக வெறுமனே போய்வந்து கழித்துவிட்டு, ஆபத்தான மூன்றாவதைப் புதியவனிடம் ஒப்படைத்திருக்கிறான். இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. பெரிய அணிகளிலும் வலுவான ஆளைப் பத்திரப்படுத்திவிட்டு இரண்டாம் நிலை ஆளை மூன்றாவது ரைடுக்கு அனுப்புவது வழக்கந்தான். ஆனால் அதற்கென்றே பழக்கிய ஆளை அனுப்புவது வேறு, கோயில் திடலுக்கு முதல் முதலாக வந்தவனை அனுப்புவது வேறு.

பேச்சு பிறகு தமிழ் தலைவாஸ் பக்கம் திரும்பியது. மலையில் மக்கள் தம் ஊர்ப் பையனுக்கு எந்த நியாயத்தை வழங்குகிறார்களோ அதே நியாயத்தைத்தான் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் வழங்குகிறார்கள் என்பதைக் கவனித்தேன். தலைவாஸ் அணி புரோ கபடி லீகின் ஐந்தாவது பருவத்தில், 2017-ஆம் ஆண்டு, புதிதாகச் சேர்ந்தது. ஜூலை 28-ஆம் தேதி ஹைதராபாத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அணியோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே 27-க்கு 32 என்று தோற்றது. அந்தப் பருவத்தைத் தன் மண்டலத்தில் கடைசி இடத்தில் முடித்தது. தலைவராக இருந்த அஜய் தாக்கூர் ஒருவர்தான் புள்ளிகளை மலைபோல் குவித்தார். அவர் களத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிஷங்களில் அணி என்ன செய்வது என்று தெரியாமல் தவித்ததை, அன்று பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவரையே நம்பி வியூகம் வகுத்தவர்கள் யார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆனால் திட்டு வாங்கியவர்கள் அந்த ஒருவருக்குத் துணையாக வந்த இளைஞர்கள்.

மறு ஆண்டு, 2018 அக்டோபரில், சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று பெங்களூரு புல்ஸ் அணி தலைவாஸை 48-க்கு 37 என்று வென்றது. அந்த வெற்றியில் இருபது புள்ளிகள் எடுத்தவர் பவன் செராவத். முந்திய பருவங்களில் பெஞ்சியில் உட்கார்ந்தே அதிக நேரத்தைக் கழித்தவர் அவர். குஜராத் அணியில் இருந்தபோது அவர் பெயர் பெரிதாகப் பேசப்பட்டதில்லை. அதே கால்கள், அதே துள்ளல், அதே மனிதர். அணியின் முதல் ஆயுதமாக அவரைப் பிரயோகிக்கலாம் என்று ஒருவர் தீர்மானித்த மாத்திரத்தில், அந்தப் பருவம் முழுவதும் அவர் ருத்ர தாண்டவம் ஆடினார். 2019 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் 22 புள்ளிகள் எடுத்துப் பெங்களூருக்குக் கோப்பையைப் பெற்றுக் கொடுத்தார். ஒரு மனிதனுக்குள் இருக்கும் சக்தியும், அதை அழைக்கும் குரலும் சந்திக்காத வரையில், பார்க்கிறவர்களுக்கு அவன் சாதாரணமானவனாகவே தோன்றுகிறான்.

அந்தப் பவன் செராவத்தையே 2022-இல் ஏலத்தில் இரண்டு கோடியே இருபத்தாறு லட்சம் ரூபாய் கொடுத்து, அதுவரை லீகில் எவருக்கும் கொடுக்காத விலையில், தலைவாஸ் வாங்கியது. அந்த அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் குஜராத் ஜயண்ட்ஸ் அணியோடு, பெங்களூரில். முதல் பாதியிலேயே, எதிரணி ஆட்டக்காரரைத் தடுக்க முயன்றபோது முழங்காலில் அடிபட்டு, தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டுபோகப்பட்டார். அந்தப் பருவத்தில் அப்புறம் அவர் களத்தில் இறங்கவில்லை. அன்றிரவு தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் தொலைக்காட்சியை அணைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆட்டம் என்னவோ 31-க்கு 31 என்று சமநிலையில் முடிந்தது. அதற்குக் காரணம், லீகில் அன்றுதான் அடியெடுத்து வைத்திருந்த நரேந்தர் என்ற இளைஞர். வேறு வழியே இல்லாத காரணத்தால் பாரம் முழுவதும் அவர் தோளில் ஏறியது. அடுத்தடுத்த ஆட்டங்களில் அணி தோற்றது. நடுவிலே பயிற்சியாளர் மாறி, ஆஷன் குமார் வந்தார். ஆனால் அந்த இளைஞரை மட்டும் யாரும் வெளியே உட்கார வைக்கவில்லை. பிடிபட்டாலும் மறுபடி அனுப்பினார்கள்.  பருவம் முடிந்தபோது 243 ரைடு புள்ளிகள் அவர் கணக்கில் இருந்தன. தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்தான் அணியிடம் 37-க்கு 39 என்று, இரண்டே புள்ளியில் தோற்றது.

"அந்தப் பையனும் புதுசுதான? அவனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்று துண்டு கட்டிய பெரியவர் இதையே தம் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

"அவனுக்கு எல்லா ரைடும் குடுத்தாங்க மாமா. நம்ம பையனுக்கு ஆகாத ரைடு மட்டும் குடுத்தோம்" என்றான் மோட்டார் சைக்கிள்காரன்.

இந்தப் பதிலை நான் வெகுநேரம் மனத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதியவனுக்கு இடம் கொடுப்பது என்றால், வெற்றி தோல்வி இரண்டுக்கும் வாய்ப்புள்ள வேலையைக் கொடுப்பதுதான் இடம் கொடுப்பது. தோல்விக்கே வாய்ப்பு மிகுந்த வேலையைப் பொறுக்கியெடுத்துக் கொடுத்துவிட்டு, வாய்ப்பு வழங்கினோம் என்று சொல்லிக்கொள்வது சத்தியத்துக்குப் பொருந்தாது.

அமெரிக்கர்கள் ஆடும் புட்பாலில் இந்த வழக்கு இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டமல்ல அது. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி முன்னேறும் ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும்; யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்பதைச் சில வினாடிகளில் அவர் நிர்ணயிக்க வேண்டும். ஆனால் எந்த வியூகத்தை ஆடுவது என்று சொல்லுகிறவர் பெரும்பாலும் வெளியே நிற்கும் பயிற்சியாளர். 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள்ளேயே ஒரு வானொலிக் கருவி வைத்து, அதன் வழியாக உத்தரவு போகிறது. ஒவ்வொரு முறையும் பந்து புறப்பட வேண்டிய காலக்கெடுவுக்குப் பதினைந்து வினாடி இருக்கும்போது அந்தத் தொடர்பு தானாக அறுந்துபோகும். ஆகவே ஒரு புதிய குவார்ட்டர்பேக் முதல் ஆட்டத்தில் சறுக்கினால், எறிந்த கையைக் குறை சொல்வதா, காதுக்குள் பேசிய குரலைக் குறை சொல்வதா என்று ரசிகர்கள் வாரக்கணக்கில் தர்க்கம் செய்கிறார்கள். பேட்டன் மானிங் என்பவர் 1998-இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே மூன்று முறை பந்தை எதிரியின் கையில் எறிந்தார். அந்தப் பருவம் முழுவதும் இருபத்தெட்டு முறை எறிந்தார். பதினாறு ஆட்டங்களில் அணி வென்றது மூன்றே மூன்று. ஆயினும் பயிற்சியாளர்கள் அவரை விலக்காமல் பதினாறு ஆட்டங்களிலும் ஆட வைத்தார்கள். மறு ஆண்டு அதே அணி பதின்மூன்று ஆட்டங்களில் வென்றது. பிற்காலத்தில் அவர் அந்த ஆட்டத்தின் தலைசிறந்த மேதைகளில் ஒருவராகப் போற்றப்பட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து கிளம்பிய நடராஜனை 2017-இல் பஞ்சாப் கிரிக்கெட் அணி மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்களில் இரண்டு விக்கெட். அத்தோடு அவர் கதை முடிந்தது என்று பலரும் தீர்ப்பு எழுதினார்கள். 2020-இல் ஹைதராபாத் அணி அவருடைய யார்க்கர் பந்துகளுக்கு உரிய வேளை எது என்று கண்டுகொண்டு, ஆட்டத்தின் கடைசி ஓவர்களை அவரிடம் ஒப்படைத்தது. அந்த ஆண்டு டிசம்பருக்கும் அடுத்த ஜனவரிக்கும் இடையில் ஆஸ்திரேலிய மண்ணில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக இறங்கினார்.

குவார்ட்டர்பேக்குக்கு இருப்பதுபோல் கபடி பாடுகிறவனுக்குக் காதில் கருவி இல்லை. நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் அவன் அநாதை. தன் வாயிலிருந்து வரும் கபடி என்ற ஒலியைத் தவிர அவனுக்கு வேறு துணை இல்லை. ஆகவே சொல்ல வேண்டியதை எல்லாம் அவன் புறப்படுவதற்கு முன்பே சொல்லி முடித்திருக்க வேண்டும். பெரிய அரங்குகளில் இதற்கு வசதி இருக்கிறது. மூன்றாவது ரைடு என்றால் மின்பலகையில் எழுத்து ஒளிர்கிறது, அறிவிப்பாளர் முழங்குகிறார். ஜவ்வாது மலைத் திடலில் ஒரு மேளம், ஓர் ஒலிபெருக்கி, வரப்பின் மேலும் பலாமரக் கிளையிலும் உட்கார்ந்து ஆர்ப்பரிக்கும் ஜனங்கள். நடுவர் கையை உயர்த்திக் காட்டுவார். அதைக் கண்ணால் கண்டவனுக்குத்தான் அது செய்தி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மலைப் பையன்களுக்குக் கால் வலுவும் மூச்சும் இயற்கை தந்த சொத்து. காட்டுச் சரிவில் ஏறி இறங்கியே வளர்ந்தவர்கள். மூச்சுப் பிடித்துப் பாடுவதில் அவர்களுக்குச் சமவெளிப் பிள்ளைகள் இணையாக மாட்டார்கள். ஆனால் மெத்தை விரிப்பில் கால் வைத்துப் பழக அவர்களுக்கு இடமில்லை. மண்ணில் சறுக்கித் தப்பிக்கும் வித்தை விரிப்பில் செல்லாது. விரிப்பில் பாதம் ஒட்டும், முழங்கால் திரும்பும். ஆயினும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் சாதித்திருக்கிறார்கள். தஞ்சைப் பகுதியிலிருந்து சென்ற தர்மராஜ் சேரலாதன் 2016-இல் பாட்னா அணியின் தலைவராகக் கோப்பை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த இந்திய அணியே முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 32-க்கு 34 என்று தோற்றுத்தான் தொடங்கியது. அன்று ஆமதாபாத்தில் யாரும் அந்த அணியைக் கலைத்துவிடவில்லை. ஓர் இந்திய அணிக்குக் காட்டிய பொறுமையை ஒரு மலைக் கிராமத்துப் பையனுக்கும் காட்டலாம் அல்லவா என்று அந்தக் கூட்டத்தில் நானும் துணிந்து ஒரு வார்த்தை சொன்னேன்.

பெரியவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பிடிபட்டதப் பத்தி நான் பேசல சார். அடிச்சுப் பாத்துப் பிடிபட்டா அது ஆட்டம். அந்த ரெண்டாவது தடவ, தொடவே பாக்காம, நடந்து வந்தானே, அதுதான் எனக்கு ஆறல" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வேதனைதான் அதிகமாக இருந்தது. அவரும் இளமையில் அந்தத் திடலிலேயே பாடியவர் என்று பிறகு அறிந்தேன்.

மலையில் இருட்டு சீக்கிரம் வந்துவிடுகிறது. பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றபோது, கடைக்குப் பின்புறத்துத் திண்ணையிலிருந்து அந்தப் பையனே எழுந்து வந்தான். முழங்கையில் மண்ணும் காயமுமாக இருந்தான். இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறான் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. பெரியவர் அவனைக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏம்ப்பா, அந்த ரைடுல ஏன் அப்படித் திரும்பி வந்துட்ட?"

அவன் தலை குனிந்து நின்றான். டைரி வைத்திருந்தவர் கோடுகள் போட்ட பக்கத்தைத் திறந்து, விளக்கு வெளிச்சத்தில் அவனுக்குக் காட்டினார். அவன் அதை உற்றுப் பார்த்தான்.

"அது மூணாவதுன்னு யாரும் என்கிட்ட சொல்லல தாத்தா" என்றான்.